திறக்காத நாட்காட்டி

காளவாசல் சிக்னலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால், ஒரு செருப்புக் கடைக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும் நடுவே குறுகலாக ஒரு மாடிப்படி இருக்கும். ஏறினால் எங்கள் அலுவலகம். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கிற பன்னிரண்டு மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு நிர்வாக அலுவலகம் அதுதான். இருபத்தாறு வருடமாக நான் அங்கே எழுத்தர். ஆசிரியர்களின் விடுப்பு, பதவி உயர்வு, இடமாறுதல் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்து சேரும். காலையில் ஆனையூரிலிருந்து வண்டியை எடுத்தால் வழியெல்லாம் நெரிசல். ஒன்பதரை மணி ஜெபத்துக்குப் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதியை எங்கள் வெப்சைட் எடுத்துக்கொள்ளும்.

அந்த வெப்சைட் வந்த அன்று கேக் வெட்டினோம். பள்ளிகளுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பில் இருப்பவரைத் தாளாளர் என்போம். அப்போதிருந்த தாளாளர் தனக்குத் தெரிந்த ஓர் இளைஞரை வைத்து அதைச் செய்தார். இனிமேல் பேப்பரே கிடையாது என்று ஜெபம் பண்ணித் திறந்து வைத்தார். அந்த இளைஞர் இரண்டே வருடத்தில் கம்பெனியை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். போன் செய்தால் முதலில் எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெயில் போடுங்கள் என்றார். அப்புறம் அதற்கும் பதில் இல்லை. தாளாளர்கள் மூன்று பேர் மாறினார்கள், வெப்சைட் மாறவில்லை.

ஊரில் உள்ள கம்ப்யூட்டர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் வெப்சைட், நீல எழுத்துப் படம் போட்ட ஒரு பழைய பிரவுசருக்காகவே செய்யப்பட்டது. புது பிரவுசர்களில் திறந்தால் அத்தனை கோளாறும் பண்ணும். இடது பக்கத்துப் பட்டியல் நகர்ந்து வந்து 'சமர்ப்பி' பொத்தான் மேல் உட்கார்ந்துகொள்ளும். பிரிண்ட் கொடுத்தால் வெள்ளைத் தாள் வரும். பெயர்களை அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். புது பிரவுசருக்கு அந்த எழுத்துரு தெரியாது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாக ஏதோ கொட்டிக் கிடக்கும். பணி எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி நாட்காட்டிப் பெட்டி. தேதி கேட்கிற இடத்தில் கையால் அடிக்க முடியாது. பெட்டியைத் தட்டினால் சின்னதாக ஒரு நாட்காட்டி விரிய வேண்டும், அதில்தான் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புது பிரவுசரில் அது விரியவே விரியாது. அன்றைய தேதி தானாக வந்து உட்கார்ந்திருக்கும். 'சேமி' என்று தட்டினால், மறுபேச்சுப் பேசாமல் 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் சொல்லும். தப்பாகச் சேமித்துவிட்டு வெற்றி என்று சொல்கிற அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்காகவே ஜன்னலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காப்பாற்றி வைத்திருந்தோம். பழைய பிரவுசர் உயிரோடு இருந்த ஒரே கம்ப்யூட்டர் அது. அதன் நெற்றியில் 'அப்டேட் கொடுக்கக் கூடாது' என்று எங்கள் கண்காணிப்பாளர் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வெப்சைட் வேலை என்றால் அந்த ஒரு நாற்காலிக்காக நாங்கள் நாலு பேரும் முறை வைத்துக் காத்திருப்போம். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராகத் திரையில் அடிக்கும். கையால் மறைத்துக்கொண்டுதான் வாசிக்க முடியும். அரை மணிக்கு ஒருதரம் கீழ் மூலையில் ஒரு கட்டம் எழும்பி, புதுப்பிக்கலாமா, இப்போதா, பிறகா என்று கேட்கும். 'பிறகு' என்று தட்ட வேண்டும். வருடக்கணக்காக நாங்கள் அத்தனை பேரும் பிறகு, பிறகு என்று தட்டித்தான் அந்த அலுவலகம் ஓடியது.

போன வருடம், மாறுதல் விண்ணப்பங்கள் குவிந்து கிடந்த சித்திரை மாதத்தில், நான் 'இப்போது' என்று தட்டிவிட்டேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் தெரிந்துதான் தட்டினேன். அன்றைக்கு மின்சாரம் போய் வந்து, போய் வந்து, நான் நிரப்பி வைத்த படிவம் இரண்டு தரம் அழிந்திருந்தது. மூன்றாம் தரம் சமர்ப்பிக்கப் போகும்போது அந்தக் கட்டம் எழும்பி வந்து நின்றது. எக்கேடும் கெட்டுப் போ என்று தட்டினேன். இரண்டு மணி நேரம் வட்டம் சுற்றியது. சுற்றி முடித்து எழுந்தபோது பழைய பிரவுசர் இல்லை. அதன் படம் மட்டும் இருந்தது, அதைத் தட்டினாலும் புதுசுதான் திறந்தது.

பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இனி அது திரும்ப வராதுண்ணே என்று கையை விரித்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோருக்குமே அலுத்துப் போயிருந்தது. கண்காணிப்பாளர் அந்தச் சிவப்பு மைக் காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவரே ஒரு வழியும் சொன்னார். எங்கள் நிர்வாகத்துக்குள் மாறுதல் என்பது முழுக்க முழுக்க சீனியாரிட்டியைப் பொறுத்தது. பணியில் சேர்ந்த தேதி எவ்வளவு பழையதோ, பட்டியலில் அவ்வளவு மேலே பெயர் வரும். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியை விண்ணப்பத்தோடு புதிதாக ஏற்ற வேண்டும். இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் நாட்காட்டி திறக்காது. ஆகவே அன்றைய தேதியோடு அப்படியே சேமித்துவிட வேண்டியது. கையோடு, இந்தப் பணி எண்ணுக்கு உண்மையில் சேர்ந்த தேதி இது என்று ஒரு திருத்தக் கடிதம் அடித்து, சீல் வைத்து, மாறுதல் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டியது. குழுவில் மூன்று பேர். அவர்கள் திரையைப் படம் பிடித்து அச்செடுத்து, கடிதங்களைப் பார்த்து ஒவ்வொரு தேதியாகச் சிவப்புப் பேனாவால் திருத்தி, பட்டியலை வரிசைப்படுத்துவார்கள். கடிதம் வராத எண் புதிதாகச் சேர்ந்தவருடையது என்று கடைசிக்குப் போய்விடும். பேப்பரை ஒழிக்க வந்த வெப்சைட்டுக்காக உட்கார்ந்து பேப்பர் அடித்தோம். வெளியாட்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அந்த வருடம் மாறுதல் கேட்டவர்கள் பதினான்கு பேர். அவர்களில் ஒருவர் கணக்கு டீச்சர். வீடு நாகமலை புதுக்கோட்டையில். வேலை, திருமங்கலம் தாண்டிப் பேரையூர் போகிற வழியில் உள்ள எங்கள் பள்ளியில். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மூன்று பஸ் மாற வேண்டும். வீடு திரும்ப மாலை ஆறரை ஆகும். பத்தொன்பது வருடமாக அப்படிப் போய் வந்தவர், ஒருநாளும் மாறுதல் கேட்டதில்லை. அவர் கணவர் செக்கானூரணியில் உரக்கடை வைத்திருந்தார். திடீரென்று பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் திக்கித் திக்கித்தான் வரும். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பகல் முழுக்க அந்த மனிதர் வீட்டில் தனியாக இருப்பார். பக்கத்து வீட்டம்மா மத்தியானம் ஒருதரம் வந்து சாப்பாடு எடுத்து வைப்பார்.

நாகமலை புதுக்கோட்டையிலேயே எங்கள் பள்ளி ஒன்று இருக்கிறது. டீச்சர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே கணக்குக்கு ஓர் இடம் காலியாகியிருந்தது. அதைக் கேட்டு இன்னும் ஒருவர்தான் எழுதியிருந்தார், அவர் சேர்ந்து நாலே வருடம். ஆகவே இடம் இந்த டீச்சருக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பாமல் அவரே நேரில் கொண்டு வந்து கொடுத்தார். கரும்பலகை எழுத்து மாதிரி தெளிவான கையெழுத்து. மேலே பணியில் சேர்ந்த தேதி, கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் விண்ணப்பிக்கும் தேதி. இரண்டையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார்.

"இது மட்டும் கெடச்சுட்டா மத்தியானம் ஒருநடை போயி அவருக்குச் சோறு குடுத்துட்டு வந்துருவேன் சார். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றார்.

நான் கவலைப்படாதீர்கள் டீச்சர் என்றேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் அவரிடம் சொன்னபோது நிஜமாகவே நினைத்துச் சொன்னேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பதிவேற்றக் கடைசி நாள். காலையிலிருந்து பதின்மூன்று விண்ணப்பங்களை ஏற்றி, பதின்மூன்று திருத்தக் கடிதங்களை அடித்து முடித்திருந்தேன். டீச்சருடையது பதினான்காவது. ஐந்தே முக்காலுக்கு அதைச் சேமித்தேன். சேர்ந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது. பச்சை எழுத்து வந்தது. கடிதம் அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கண் எரிந்தது, முதுகு விட்டுப்போயிருந்தது, மின்விசிறி வேறு நின்றுவிட்டது. திங்கட்கிழமை அடித்துக்கொள்ளலாம் என்று விண்ணப்பத்தை இழுப்பறையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பதின்மூன்று கடிதங்களும் அன்றைக்கே உறையில் போய்விட்டன.

திங்கட்கிழமை ஒரு பள்ளிக் கட்டடத்தின் சான்றிதழ் விஷயமாகத் தாளாளர் என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். செவ்வாய்க்கிழமையும் அதேதான். நான் மறந்துபோனேன். எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் நடந்தது இவ்வளவுதான்.

மாறுதல் கலந்தாய்வு ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. சீனியாரிட்டி வரிசைப்படி பணி எண்ணைக் கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்து, காலி இடங்களில் ஒன்றைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கையெழுத்தான இடத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பது ஆரம்பத்திலிருந்து உள்ள விதி. சிபாரிசுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. நான் ஃபைல்களோடு குழுவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் முன்வரிசையில் இருந்தார். முதல் எண் கூப்பிட்டார்கள், அவர் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார், வரிசை மாறி உட்கார்ந்துவிட்டோமோ என்கிற மாதிரி. எட்டாவதோ ஒன்பதாவதோ கூப்பிடும்போதுதான் எனக்கு இழுப்பறை ஞாபகம் வந்தது.

அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்கலாம். கொஞ்சம் நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஃபைல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு எண் தள்ளி, நாலு வருட சர்வீஸ் உள்ள அந்த இளம் ஆசிரியை போய் நாகமலை புதுக்கோட்டை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், டீச்சரோடு ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவர். பட்டியலில் பெயரைப் பார்த்திருந்தால் அவரே கேட்டிருப்பார். அவர் கையில் இருந்த அச்சுத் தாளில் பெயருக்குப் பதிலாக அரைப்புள்ளியும் கமாவும்தான் இருந்தன. கடைசி எண் கூப்பிட்டு டீச்சர் எழுந்து வந்தபோது, "ஏம்மா, நீயா கடைசி?" என்று அவர் அதிர்ந்துபோனார். கடிதங்களைப் புரட்டினார்கள். பதின்மூன்றுதான் இருந்தன. யாரோ ஒருவர் சிஸ்டம் தப்பு என்றார். இன்னொருவர் ஆமாம், சிஸ்டம் தப்பு என்றார். தாளாளர் வருத்தம் தெரிவித்து, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அந்த வெப்சைட்டின் கோளாறுகளை நன்றாகத் தெரிந்தவன் நான்தான் என்பதால். நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளபடி சொன்னால், சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும். அவர் என் மேசை ஓரத்தில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"சார், ஃபாரத்துல நான் ரெண்டு தேதியையும் மாத்தி எழுதிட்டேனா? வீட்ல அவரு அப்படித்தான் சொல்றாரு. விண்ணப்பிச்ச தேதியக் கொண்டுபோயி சேர்ந்த தேதி எடத்துல எழுதிருப்ப, ஒனக்கு எப்பயும் அவசரம்னு."

பட்டியலில் வந்த தவறான தேதியும் விண்ணப்பத்தில் அவர் கீழே எழுதிய தேதியும் ஒன்றாக இருந்ததால் அப்படி நினைக்க இடம் இருந்தது. அந்த விண்ணப்பம் என் முழங்கைக்குக் கீழே இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

"ஃபைல் உள்ள போயிருச்சு டீச்சர். பாத்துச் சொல்றேன். சிஸ்டத்துல என்னமாவது ஆகியிருக்கும்" என்றேன்.

"சரி சார். நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் பார்த்தும் சொல்லவில்லை, அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

கடிதம் எழுத மறந்தது களைப்பினால். இதைச் சொல்லாமல் மறைத்ததை எந்தக் களைப்பின் தலையிலும் கட்ட முடியாது. நான் பயந்தேன். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம், அதற்குள் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பு பதிவேட்டில் ஏறிவிடுமே என்று பயந்தேன். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லுவோம். செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டோம் என்று முந்நூறு பேர் ஒன்றாகச் சொல்லும்போது அதில் யாருடைய பாவம் எது என்று தெரியாது. அந்த வருடம் முழுக்க அந்த இடம் எனக்கு வசதியாக இருந்தது. நானும் சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஐப்பசியில் டீச்சரிடமிருந்து விடுப்பு விண்ணப்பம் வந்தது, ஒரு மாதத்துக்கு. காரணம் என்ற இடத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். கணவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அறுவை சிகிச்சை. அவர் பள்ளித் தலைமையாசிரியர் போனில் மீதியைச் சொன்னார். டீச்சரின் கணவர் காலை பதினொரு மணிக்கு விழுந்திருக்கிறார். அன்றைக்கென்று பக்கத்து வீட்டம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். விழுந்தவர் குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறார், திக்குகிற பேச்சு வாசல் வரைக்கும் வரவில்லை. ஆறரை மணிக்கு டீச்சர் வந்து கதவைத் திறக்கும் வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். பத்து நிமிட நடையில் இருக்கிற பள்ளிக்கு டீச்சர் மாறியிருந்தால், மத்தியானம் சோறு கொடுக்க வரும்போதே பார்த்திருப்பார். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த விடுப்பை வெப்சைட்டில் ஏற்றியதும் நான்தான். தொடங்கும் தேதி என்ற பெட்டியைத் தட்டினேன், நாட்காட்டி திறக்கவில்லை. அன்றைய தேதியோடு சேமித்துவிட்டு உடனே திருத்தக் கடிதம் அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்துக் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கணவர் எழுந்து நடக்கவே இல்லை.

இந்த வருடம் புதிதாக வந்த தாளாளர் சின்ன வயதுக்காரர். வந்த ஒரே மாதத்தில் பழைய வெப்சைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்யச் சொன்னார். இத்தனை வருடம் நாங்கள் நாய் படாத பாடு பட்டது அவருக்கு ஒரு போன் காலில் முடிந்தது. புது வெப்சைட் எந்தப் பிரவுசரிலும் திறந்தது, செல்போனிலும் திறந்தது. பெயர்கள் நல்ல தமிழில் வந்தன. பழையதில் இருந்த விவரங்களை அப்படியே இதற்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு பள்ளியாக ஆசிரியர்களை வரவழைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள்.

டீச்சர் ஒரு மாலையில் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நான் நாற்காலியை நகர்த்திக் கொடுத்து, அவருடைய பக்கத்தைத் திறந்தேன். பெயர் சரியாக இருந்தது. பிறந்த தேதி சரியாக இருந்தது. பணியில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் போன வருடத்து அந்த வெள்ளிக்கிழமை இருந்தது.

அவர் லேசாகச் சிரித்தார். "நான் பண்ணுன தப்பு என்கூடவே வந்துக்கிட்டு இருக்கு பாருங்க சார்" என்றார். "இருங்க, நானே திருத்திக்கிறேன்."

மவுஸைக் கையில் எடுத்துப் பெட்டியைத் தட்டினார். நாட்காட்டி உடனே விரிந்தது. ஒவ்வொரு வருடமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். அவர் விரல் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"டீச்சர், நீங்க ஒண்ணும் மாத்தி எழுதல" என்றேன். "சரியாத்தான் எழுதிருந்தீங்க. கடிதம் அடிச்சு அனுப்ப வேண்டியது நான். அனுப்பாம விட்டுட்டேன்."

இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. குனிந்து தன் கையெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு தேதி, கீழே ஒரு தேதி, இரண்டும் அதனதன் இடத்தில். எப்போது தெரியும் என்று கேட்டார். கலந்தாய்வு அன்றைக்கே என்றேன். நான் வந்து கேட்டபோது இது எங்கே இருந்தது என்று கேட்டார். இங்கேதான் என்றேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன், அல்லது கத்துவார் என்று. இரண்டும் இல்லை. தேதியைச் சரியான இடத்தில் தட்டி, சேமித்து, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இத வீட்டுக்கு வந்து அவர்கிட்டச் சொல்லுங்க" என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டாரு."

மறுநாள் காலை தாளாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல், இந்த வருடம் அந்தப் பள்ளியில் இடம் இல்லை, வந்தால் முதலில் அவருக்கு என்றார். என்மேல் என்ன நடவடிக்கை என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அது வந்தால் வரட்டும் என்று இருந்தது. இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன். பல்கலைக்கழகத்துக்குப் போகிற மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். டீச்சரின் கணவர் அதில் மல்லாந்து படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருந்தன. கூப்பிடுவதற்கு அதைத் தட்டுவாராம். டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வெப்சைட், நாட்காட்டி, கடிதம், இழுப்பறை. பிரவுசர் கதையெல்லாம் அவருக்கு எதற்கு என்று பாதியில் தோன்றியது. ஆனாலும் சொன்னேன், நான் தெரிந்தே 'இப்போது' என்று தட்டியதையும் சேர்த்து. அதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்த பிறகு வாய் கோணியது. வார்த்தை வர நேரமாயிற்று.

"அப்ப... இவ... எழுதுனது?"

"சரியாத்தாண்ணே எழுதிருந்தாங்க."

அவர் தலையைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. "தெனமும்... அவளத்தான்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. இடது கையால் தட்டைத் தேடினார். கூப்பிட வேண்டியிருக்கவில்லை, டீச்சரே வந்துவிட்டார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, தலையணையைச் சரிசெய்தார். கணவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் அங்கே இருப்பதே இருவருக்கும் மறந்த மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இவர்கள் இந்த ஒரு வருடத்தை இந்த அறையில் எப்படிப் பேசி, எப்படிப் பேசாமல் கழித்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இடுப்பெலும்பை மட்டும்தான் நான் உடைத்தேன் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்டேன். டீச்சரின் கணவர் தலையை அசைத்தார், சரி என்பதற்கா வேண்டாம் என்பதற்கா என்று தெரியவில்லை.

எழுந்தேன். டீச்சர் வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிற மாதிரி, "வாரேன் டீச்சர்" என்றேன்.

"வாரேன்னு சொல்லாதீங்க சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "போறேன்னு சொல்லுங்க."

"போறேன் டீச்சர்" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.